ஈரக்குடையிடம் ஜெயித்த இருபத்து மூன்று ஆட்டங்கள்

அவளைப் படபடா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். காலை நேரலையில் அவள் செஸ் ஆடுவதைப் பார்க்க வருகிறவர்கள் வைத்த பெயர் அது. பிறகு மதியம் அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் பரவி, கடைசியில் முதலாளியே, "படபடா, அந்த நீல ஃப்ரேமுக்கு லென்ஸ் போட்டாச்சா?" என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது.

பெயரில் தப்புச் சொல்ல முடியாது. அவள் ஆடுவது மூன்று நிமிட ஆட்டம். முழு ஆட்டத்துக்கும் ஆளுக்கு மூன்று நிமிடம்தான். பலகையில் எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் கடிகாரம் தீர்ந்தால் தோல்வி. அந்த மூன்று நிமிடத்தையும் அவள் யாரோ துரத்துவது போலத்தான் ஆடுவாள். நாலாவது நகர்த்தலிலேயே ராணி வெளியே வந்துவிடும். செக் சொல்ல ஒரு வழி கிடைத்தால் சொல்லிவிடுவாள். சொல்லி என்ன ஆகப்போகிறது என்பதெல்லாம் பிறகு. எதிராளி நகர்த்துவதற்கு முன்பே, 'அவன் என்ன செய்தாலும் என் பதில் இதுதான்' என்று கணினியிடம் சொல்லிவைக்க ஒரு வசதி உண்டு. முன்நகர்வு என்பார்கள். அவசரத்துக்கு உப்பு மாதிரி பயன்படுத்த வேண்டியதை அவள் சோறு மாதிரி பயன்படுத்தினாள். தோற்கும்போது பார்த்தால் அவள் கடிகாரத்தில் ஒன்றரை நிமிடம் அப்படியே மிச்சம் இருக்கும். கையில் குடையை வைத்துக்கொண்டே தொப்பலாக நனைந்து வருகிறவளைப் போல.

வேடிக்கை என்னவென்றால், ஆடிக்கொண்டே அவள் பாடமும் நடத்துவாள்.

"சும்மா கிடைக்குதேன்னு சிப்பாயை எடுக்காதீங்க. எதுக்கு சும்மா குடுக்குறான்னு ஒரு தடவை உங்களையே கேளுங்க. ஓசியில குடுக்குறதுக்கு அவன் என்ன உங்க தாய்மாமனா?"

அடுத்த நொடி அந்தச் சிப்பாயை எடுத்துவிடுவாள். அதற்கடுத்த நொடி ராணி போய்விடும். நேரலைக்கு வரும் நானூறு பேரும் வந்ததே இந்தக் கூத்துக்குத்தான். மூன்று வருடமாக அவளுடைய தரப்புள்ளி ஆயிரத்து அறுநூற்று நாற்பதை ஒட்டியே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் நேரலையை அணைத்த பிறகு, பெட்டிகளும் பழைய மின்விசிறியும் அடைந்து கிடக்கும் அந்தச் சின்ன அறையில், இஸ்திரி மேசை முன்னால் உட்கார்ந்து தோற்ற ஆட்டங்களைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பாள். எங்கே தப்பு என்று தெரியும். ஏன் நாளைக்கும் அதையே செய்வாள் என்பதுதான் தெரியாது.

வீட்டிலும் அவளுக்கு முன்நகர்வு உண்டு.

"நாளைக்கு எனக்கு..." என்று கணவர் ஆரம்பிப்பார்.

"லீவு கிடையாது. தெரியும்."

"இல்ல, லீவு இருக்குன்னு சொல்ல வந்தேன்."

அவர் பேருந்துப் பணிமனையில் நேரக்காப்பாளர். கண்ணாடி ஜன்னல் போட்ட ஓர் அறையில் உட்கார்ந்து, எந்தப் பேருந்து எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு வந்தது, எப்போது போனது என்று பதிவேட்டில் எழுதுகிறவர். நாள் முழுக்க நிமிடங்களோடு குடித்தனம் செய்வதாலோ என்னவோ, பேச்சில் அவருக்கு அவசரமே கிடையாது. ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தி, தண்ணீர் குடித்து, பிறகு முடிப்பார். முடிக்க அவள் விட்டால்.

கல்யாணமான முதல் வருடம் ஒரு நாள் அவரை நேரலையில் உட்காரவைத்து செஸ் சொல்லிக்கொடுத்தாள். அவர் குதிரையை எடுத்து நேராக மூன்று கட்டம் ஓட்டினார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "பாருங்க, எங்க வீட்டுக் குதிரை பஸ் ரூட்ல போகுது," என்றாள். நானூறு பேரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அன்றைக்கு எழுந்து போனவர் அதன் பிறகு அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை. அவளுக்கு அது மறந்தே போய்விட்டது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பெண்ணுக்கு ஒரு திங்கட்கிழமை காலை, ஆட்டத்தின் நடுவில், தொண்டையில் ஏதோ அறுந்தது போல இருந்தது. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

"குரல் நாண்ல ஒரு சின்ன முடிச்சு," என்றார் தொண்டை டாக்டர். "ஆறு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. ரகசியமாவும் பேசக் கூடாது, அது இன்னும் கெடுதல். பேசாம இருந்தா கரைஞ்சாலும் கரையும். இல்லன்னா வெட்டி எடுக்கணும். அப்புறம் பழைய குரல் வருமான்னு நான் எழுதிக் குடுக்க முடியாது."

கீழ்வீட்டில் இருக்கும் நாத்தனார், கணவரின் அக்கா, செய்தி கேட்டு மாடிப்படி ஏறி வந்தாள்.

"ஆறு வாரமா? முழுசா? ஏண்டி, அந்த டாக்டர் எங்க இருக்காரு, நேர்ல போய் ஒரு நன்றி சொல்லிட்டு வரேன்." சொல்லிவிட்டு, தம்பி மனைவியின் கண்ணில் நீர் திரண்டதைப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "சும்மா சொன்னேன்டி. நீ கத்தலன்னா எனக்கு மணி பத்துன்னே தெரியாது."

நேரலையை நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு சின்ன வெள்ளைப் பலகை வாங்கினாள். ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்னாலும் அதில் ஒரு வரி எழுதிக் கேமரா பக்கம் நிறுத்திவைப்பாள். 'சிப்பாய் சும்மா கிடைத்தால் சந்தேகப்படு.' 'செக் சொல்லுமுன் எதற்கு என்று கேள்.' பிறகு ஒரு சத்தமும் இல்லாமல் ஆடுவாள். நானூறு பேர் நூற்றிருபது பேர் ஆனார்கள். பார்ப்பவர்கள் எழுதும் சாட்டில் ஒருவர், 'வானொலியில் ஊமைப்படம் பார்ப்பது போல இருக்கிறது' என்று எழுதினார்.

அப்போதுதான் அந்த விசித்திரம் ஆரம்பித்தது. அவள் ஜெயிக்கத் தொடங்கினாள்.

முதல் வாரம் ஆயிரத்து அறுநூற்று எழுபது. இரண்டாம் வாரம் எழுநூற்றுப் பத்து. ராணி வீட்டைவிட்டு வெளியே வர நேரமானது. தோற்கும் ஆட்டத்தில்கூடக் கடிகாரத்தில் பத்து நொடிதான் மிச்சமிருந்தது. ஐந்தாம் வாரம் முடிவில் ஆயிரத்து எண்ணூற்று முப்பத்திரண்டு. சந்தோஷப்பட வேண்டிய பெண் இஸ்திரி மேசை முன்னால் பேயறைந்தது போல உட்கார்ந்திருந்தாள். என்ன மாறிவிட்டது? அதே கை, அதே எலி மாதிரி கீச்சிடும் பழைய மவுஸ். அப்படியானால் இத்தனை வருடமும் என் குரல்தான் என்னைத் தோற்கடித்ததா? குரல் திரும்பி வந்தால் இது போய்விடுமா? இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் எதைக் கேட்பது? யாரிடம் கேட்டாலும் பலகையில் எழுதித்தான் கேட்க வேண்டும். இதை எழுத அந்தப் பலகை போதாது.

மூன்றாம் வார நடுவில் டாக்டர் கருவியை விட்டுப் பார்த்துவிட்டு, "பாக்கலாம்," என்று மட்டும் சொல்லியிருந்தார். அந்த 'பாக்கலாம்' அவளுக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் வீங்கிய கண்ணோடுதான் நேரலைக்கு வந்தாள்.

இந்த ஐந்து வாரமும் அவளோடு அடிக்கடி ஆட வந்த ஓர் எதிராளி இருந்தார். செஸ் ஆடும் இணையதளத்தில் அவர் வைத்துக்கொண்டிருந்த பெயர் ஈரக்குடை. ஆயிரத்துத் தொள்ளாயிரம் புள்ளி. அவள் பேசாமல் போன மறுநாளிலிருந்து தினமும் ஆட்டத்துக்கு அழைப்பார். நிதானமான ஆட்டம்; சும்மா கிடைக்கும் சிப்பாயை எடுக்கவே மாட்டார். ஆரம்பத்தில் முழுதாக ஆடி முடித்த முதல் பத்து ஆட்டத்தில் அவளை ஒன்பது முறை தோற்கடித்தார். ஆனால் அவரிடம் ஒரு புரியாத வழக்கம் இருந்தது. ஜெயிக்கும் நிலையில் இருப்பார், இன்னும் நாலு நகர்த்தலில் முடித்துவிடலாம், திடீரென்று கல்லாகிவிடுவார். நகர்த்தமாட்டார், விலகவும் மாட்டார். அவர் கடிகாரம் சொட்டுச் சொட்டாகக் கரைந்து பூஜ்யமாகும். ஆட்டம் அவளுக்கு. பத்து நிமிடம் கழித்து ஒன்றும் நடக்காதது போல மறுபடி அழைப்பு வரும்.

இதை முதலில் எண்ணியது சாட்டில் 'கணக்கு' என்ற பெயரில் வரும் ஆள். ஐந்தாம் வாரம் வெள்ளிக்கிழமை அவர் எழுதினார்: 'படபடா அக்கா, தப்பா நினைக்காதீங்க. அந்த ஈரக்குடை ஜெயிக்கிற ஆட்டத்தைக் கைவிட்டது இதோட இருபத்து மூணு. ஒரே ஆள். ஒரே வழி. இதுக்குப் பேரு என்னங்க?'

 சாட்டில் பதில்கள் மழை மாதிரி வந்தன. 'ஏற்பாடு.' 'சொந்தக்காரனா?' 'அதான் அக்கா பேசுறதே இல்ல.' அவள் பலகையை எடுத்தாள். எழுதினாள், அழித்தாள், எழுதினாள். கடைசியில் கேமரா பக்கம் திருப்பியபோது அதில் இருந்தது: 'எனக்கும் தெரியவில்லை.' பார்த்தவர்களில் பாதிப் பேர் அதையே ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் தளத்திலிருந்து கடிதம் வந்தது. இருபத்து மூன்று ஆட்டங்களின் பட்டியல், ஒவ்வொன்றும் நின்றுபோன நாளும் நேரமும். ஒருவர் வேண்டுமென்றே தோற்று இன்னொருவருக்குப் புள்ளி சேர்ப்பதாகச் சந்தேகம். ஏழு நாளுக்குள் விளக்கம் தரவும். இல்லையென்றால் அவளுடைய கணக்கு மூடப்படும்.

கணக்கு மூடப்படும் என்ற வரியை அவள் இரண்டு தடவைதான் படித்தாள். வேண்டுமென்றே என்ற சொல்லைத்தான் இருபது தடவை படித்தாள். அப்படியென்றால் நான் ஏறவே இல்லையா? யாரோ முகம் தெரியாத ஆள் தூக்கிவிட்ட ஏணியில் ஏறி நின்று, நானே வளர்ந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேனா? யார் அவன்? எதற்காக? ஓசியில் கொடுப்பதற்கு அவன் என்ன என் தாய்மாமனா?

அந்த நேரங்களை லென்ஸ் போட்டுக் கொடுக்கும் காகித உறையின் பின்னால் வரிசையாக எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். கடையில் ஒரு பெரியவருக்கு வலது லென்ஸை இடது பக்கம் பொருத்திவிட்டாள். அவர் போட்டுப் பார்த்துவிட்டு, "நான் நல்லாத்தான் இருக்கேன், கடைதான் சாஞ்சிருக்கு," என்றார்.

செவ்வாய்க்கிழமை கணவர் சாப்பாட்டு டப்பாவை வீட்டில் மறந்துவிட்டுப் போய்விட்டார். அன்று நேரலை வைக்க அவளுக்குத் தெம்பில்லை. பதினோரு மணிவாக்கில் டப்பாவை எடுத்துக்கொண்டு பணிமனைக்குப் போனாள். பாலம் பழுது பார்ப்பதால் ஒன்றரை மாதமாக எல்லாப் பேருந்தும் சுற்றுப்பாதையில் வந்துகொண்டிருந்தது. சொன்ன நேரத்துக்கு ஒன்றும் வருவதில்லை. நேரக்காப்பாளர் அறை வாசலில் ஓர் ஓட்டுநர் சீட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"சார், பதினொண்ணு ஏழுன்னு போடுங்க. பதினொண்ணு ஒம்போதுன்னு போட்டா என் தலையில விழும்."

"நீ உள்ள நுழைஞ்சது ஒம்போதுக்கு."

"ரெண்டு நிமிஷம் சார்."

"ரெண்டு நிமிஷத்துல என்னென்னவோ நடக்கும்ப்பா. பாலத்தால தாமதம்னு பக்கத்துல எழுதிடறேன், உன் தலையில விழாது. நேரத்தை மாத்தமாட்டேன்."

அவள் ஜன்னல் வழியாக டப்பாவை நீட்டினாள். மேசையில் பதிவேடு விரித்திருந்தது. அதன் பக்கத்தில் கைப்பேசி குப்புறக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தின் மேல்வரிசையில் நேற்றைய கடைசி வருகைகள். அவர் டப்பாவை வாங்க எழுந்தபோது காற்றில் தாள்கள் புரண்டு போன வெள்ளிக்கிழமைப் பக்கம் வந்தது. எட்டு ஐம்பத்திரண்டு. ஒன்பது ஏழு. ஒன்பது முப்பத்தொன்று.

இந்த நேரங்களை அவள் எங்கேயோ பார்த்திருக்கிறாள்.

கைப்பையிலிருந்து காகித உறையை எடுத்தாள். அதிலும் எட்டு ஐம்பத்திரண்டு. ஒன்பது ஏழு. ஒன்பது முப்பத்தொன்று. அறைக்குள் நுழைந்து, அவரைக் கேட்காமலே பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தாள். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். பார்த்த பக்கத்திலெல்லாம், ஈரக்குடை கல்லான நிமிடத்தில் ஒரு பேருந்து உள்ளே வந்திருந்தது. கண்ணை நிமிர்த்தினாள். சுவரோரம், காலையில் மழையில் நனைந்த குடை சொட்டிக்கொண்டிருந்தது. எத்தனை வருடமாக, 'ஈரக்குடையை உள்ள கொண்டு வராதீங்க' என்று வாசலிலேயே இந்த மனிதரை நிறுத்தியிருக்கிறாள்.

கத்தத் தோன்றியது. தொண்டைக்குள் அந்தச் சத்தம் கொதித்து ஏறி, டாக்டரின் முகம் நினைவுக்கு வந்து, அப்படியே இறங்கியது. மேசையில் கிடந்த பேனாவை எடுத்து உறையின் ஓரத்தில் எழுதினாள்: நீங்களா?

அவர் உறையைப் பார்த்தார். ஓட்டுநரைப் பார்த்தார். "நீ போய் டீ குடிப்பா," என்றார்.

"சீட்டு சார்?"

"போப்பா."

ஓட்டுநர் போனதும் கைப்பேசியைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். திரையில் சதுரங்கப் பலகை. கீழே அந்தப் பெயர்.

"மூணு வருஷமா ஆடறேன்," என்றார். "பஸ் இடைவெளியில. உன் நேரலையைக் காதுல மாட்டிக்கிட்டு..." நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். குறுக்கே பேச முடியாமல் அவள் நின்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவருடைய வாக்கியம் முழுசாக வந்தது. "நீ பேசறதைக் கேட்டுக்கிட்டே ஆடப் பழகினேன். நீ சும்மா கிடைக்கிற சிப்பாயை எடுக்காதேன்னா, நான் எடுக்கமாட்டேன். அவ்வளவுதான். நீ சொன்னதை நான் கேட்டேன். நீதான் கேக்கல. அப்புறம் உன் குரல் நின்னுபோச்சு. காது சும்மா இருந்துச்சு. வீட்டுலயும் பேச்சு இல்ல. சரி, ஆட்டத்துலயாவது எதிர்ல உக்காருவோம்னு கூப்பிட்டேன்."

ஏன் சொல்லவில்லை என்று எழுதினாள்.

"குதிரையை நேரா ஓட்டினவன்னு ஊரே சிரிச்சுதே. மறுபடி எதுக்கு?"

அவளுக்கு ஒரு நொடி எந்தக் குதிரை என்று புரியவில்லை. புரிந்தபோது பேனா உறையின் மேலேயே நின்றது. ஆனாலும் கேட்க வேண்டியதைத்தான் கேட்டாள்: வேணும்னு விட்டீங்களா?

"பஸ் வந்தா போனைக் கவுத்து வெச்சிடுவேன். ஒருத்தன் சம்பளம் அந்த நிமிஷத்துல இருக்கு. பாலம் வேலை நடக்கறதால எது எப்ப வரும்னே தெரியல. அதனால விட்டுப்போச்சு. பாரு, நீயே சரிபாரு."

சரிபார்த்தாள். உறையில் ஒவ்வொரு நேரமாகக் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். இருபத்திரண்டு கோடு விழுந்தது. ஒன்று மிஞ்சியது. மூன்றாம் வாரம், வியாழன், ஒன்பது நாற்பத்து நான்கு. பதிவேட்டில் அந்த அரைமணி நேரத்தில் ஒரு பேருந்தும் வரவில்லை. பேனா முனையை அந்த நேரத்தின் மேல் வைத்து அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அன்னிக்கு உன் கண்ணு வீங்கியிருந்துச்சு. டாக்டர் முந்தின நாள் பாக்கலாம்னு சொல்லியிருந்தாரு. திரையில உன் முகம் ஓரமாத் தெரிஞ்சுது. கை நகரல. அந்த ஒண்ணு மட்டும்."

அப்போது ஒரு பேருந்து உள்ளே திரும்பியது. அவர் கை தானாகக் கைப்பேசியைக் கவிழ்த்தது. கண் கடிகாரத்துக்குப் போனது. பதினொன்று இருபத்தாறு என்று எழுதினார். எழுத்து கோணலாக விழுந்தது.

அன்று மாலை தளத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். எதிராளி தன் கணவர் என்று எழுதினாள். பதிவேட்டுப் பக்கங்களின் படத்தை இணைத்தாள். ஒன்பது நாற்பத்து நான்கு வந்தபோது பின்னால் அறை வாசலில் நின்ற கணவர், "அதை விட்டுடேன். இருபத்திரண்டு ஒத்துப்போகுது, ஒண்ணுதானே, யாருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

அவள் பலகையில் எழுதினாள்: ரெண்டு நிமிஷம் மாத்திப் போடச் சொன்னா நீங்க போடுவீங்களா?

அவர் உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஐந்து வருடத்துக்குப் பிறகு அந்த அறையில்.

நாலு நாளில் பதில் வந்தது. இருபத்து மூன்று ஆட்டத்தின் புள்ளிகளும் கழிக்கப்பட்டன. அவளுடைய கணக்கு தொடரலாம். தெரிந்தே ஓர் ஆட்டத்தை விட்டதற்காக ஈரக்குடையின் கணக்கு ஒரு மாதத்துக்கு முடக்கம். ஆயிரத்து எண்ணூற்று முப்பத்திரண்டு, ஆயிரத்து அறுநூற்று எழுபத்தொன்று ஆனது. பழைய இடத்திலிருந்து முப்பத்தொரு புள்ளி. நல்ல தூக்கம் தூங்கி எழுந்த நாளில் ஏறிவிடும் அளவு.

அவள் குழப்பம் தீரவில்லை, கூடியது. இது என் ஏற்றமா, பேருந்துகளின் ஏற்றமா? முப்பத்தொன்று மட்டும்தான் நானா? ஆனால் பத்து நொடி மிச்சத்தில் ஆடியது யார்? ராணியை அடக்கிவைத்தது யார்? வழி ஒன்றுதான் இருந்தது. பலகையில் பெரிய எழுத்தில் எழுதி அவர் முன்னால் வைத்தாள்: ஞாயிற்றுக்கிழமை. உங்களுக்கு லீவு, பஸ் இல்லை. பத்து ஆட்டம்.

"வேணாம்," என்றார் அவர். "நான் ஜெயிச்சா நீ அழுவே. நீ ஜெயிச்சா நான் விட்டுட்டேன்னு நினைப்பே. ரெண்டு பக்கமும் எனக்குத்தான் அடி."

உண்மைதான். ஒரு முறை விட்டுக்கொடுத்தவர் மறுபடி விடமாட்டார் என்று எதை வைத்து நம்புவது?

அதற்குப் பதில் கீழ்வீட்டிலிருந்து வந்தது. விஷயத்தைக் கேட்ட நாத்தனார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"இவனா விட்டுக்குடுத்து மறைப்பான்? ஏண்டி, சின்ன வயசுல இவன் தோத்தா காது ரெண்டும் சிவந்துடும். தக்காளி மாதிரி. வேணும்னு விட்டுக்குடுத்தா சிவக்காது. எங்கம்மா காதைப் பாத்தே கண்டுபிடிப்பாங்க. நான் நடுவரா உக்காரறேன்."

ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி மேசையில் நிஜப் பலகையை விரித்தார்கள். கைப்பேசியைக் கடிகாரமாக வைத்தார்கள். நாத்தனார் பலகையைப் பார்க்கவே இல்லை. ஸ்டூலைத் தம்பியின் பக்கவாட்டில் போட்டுக்கொண்டு அவர் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேமராவை அணைத்தே வைத்திருந்தாள் படபடா. இது நூற்றிருபது பேருக்கான ஆட்டம் இல்லை.

முதல் இரண்டும் அவருக்கு. மூன்றாவதில் அவர் ஒரு சிப்பாயைச் சும்மா நீட்டினார். அவள் கை அதை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. எதற்குக் கொடுக்கிறார்? இருபது நொடி யோசித்தாள். சிப்பாயைத் தொடாமல் யானையை நகர்த்தினாள். பதினைந்து நகர்த்தல் கழித்து அவருடைய ராஜா மூலையில் மாட்டிக்கொண்டது.

"அந்த யானையை நான் பாக்கவே இல்லையே," என்றார் அவர். குரலில் உண்மையான எரிச்சல் இருந்தது.

"சிவப்பு," என்று அறிவித்தாள் நாத்தனார். "ரெண்டு காதும். நுனி வரைக்கும்."

ஆறாவது ஆட்டத்தில் தெருவில் ஏதோ பேருந்து ஒலிப்பானை அடித்தது. அவர் பாதி எழுந்துவிட்டார். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த ஏழு நொடியில் அந்த ஆட்டமும் போனது. மறுபடி சிவப்பு. ஒன்பதாவது ஆட்டம் சமனில் முடிந்தபோது, "ஒரு காது மட்டும்தான்," என்றாள் நாத்தனார்.

பத்தும் முடிந்தன. அவருக்கு ஐந்து, அவளுக்கு நாலு, ஒன்று சமன். ஐந்து வாரத்துக்கு முன்னால் இதே ஆளிடம் பத்தில் ஒன்றுதான் ஜெயித்திருந்தாள். அவள் விரல்களை மடக்கி மறுபடி எண்ணிப் பார்த்தாள். தோற்றுத்தான் இருக்கிறாள். ஆனால் தோற்றதில்தான் தெரிகிறது, ஏறியிருப்பது. அழுவதா சிரிப்பதா என்று முகத்துக்கே தெரியாமல் இரண்டும் ஒன்றாக வந்தன.

"இவ அழறாளா சிரிக்கறாளா?" என்றாள் நாத்தனார்.

"தெரியல," என்றார் கணவர். "அஞ்சு வருஷமா எனக்குத் தெரியல."

எதனால் ஏறினாள் என்பதற்கு அவளிடம் இன்றைக்கும் சரியான பதில் கிடையாது. நேரலையில் அவள் முகத்துக்குப் பக்கத்தில், அவள் எழுதிய வரியும் திரை ஓரத்தில் தெரிந்துகொண்டே இருந்ததாலா? தினமும் நிதானமான ஒரு மனிதரிடம் அடி வாங்கியதாலா? வாய் மூடியதும் கண் திறந்துகொண்டதா? ஒரு நாள் இது என்று தோன்றும். மறுநாள் அது என்று தோன்றும்.

அடுத்த வாரம் டாக்டர் முடிச்சு முக்கால்வாசி கரைந்துவிட்டது என்றார். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் பேசலாம், மெதுவாக. நூற்றிருபது பேரும் அந்தப் பத்து நிமிடம் தங்களுக்குத்தான் என்று காத்திருந்தார்கள். அவள் அன்று காலை நேரலையில் வழக்கம்போலப் பலகையைத்தான் காட்டினாள்.

மாலை அவர் வேலை முடிந்து, குடையை வாசலிலேயே சாத்திவைக்கப் போனார்.

"உள்ள கொண்டு வாங்க," என்றாள்.

குரல் கரகரத்தது, வேறு யாருடையதோ போல இருந்தது. அவர் குடையும் கையுமாக அப்படியே நின்றார். தரையில் தண்ணீர் சொட்டிற்று.

"ஏங்க. அன்னிக்குக் குதிரையை நேரா ஓட்டினதுக்கு நான் அப்படிச் சிரிச்சேன் இல்ல. ரொம்ப வலிச்சுதா?"

அவர் வாயைத் திறந்தார். "அன்னிக்கு..." என்று ஆரம்பித்து, நிறுத்தி, குடையை எங்கே வைப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது போல இருந்தது. பதில்கூட நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பேச அனுமதித்த பத்து நிமிடத்தில் இன்னும் ஒன்பதரை நிமிடம் மிச்சம் இருந்தது.

அவர் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரும்வரை அவள் வாயைத் திறக்கவில்லை.